சுரண்டத் துணியுங்கள்!

பொரிந்தது சாயம். தலைகுனிவது நீங்களா? என்ன நியாயம் இது?

எவ்வளவு ஆசையாகச் செய்த வேலை அது! கைபேசியில் படம் படமாகத் தேடி, ஹாலில் ஒரே ஒரு சுவரை மட்டும் தேர்ந்தெடுத்து, புட்டி இழுத்து, பிரைமர் அடித்து, ஓரங்களில் டேப் ஒட்டி, ஸ்பாஞ்சை முக்கி ஒற்றி ஒற்றி எடுத்து, கடைசியில் மெலிதாகப் பொன்னிறம் ஏற்றினீர்கள். மாடி வீட்டு பௌதி (அண்ணி) எட்டிப் பார்த்து "தாருண்!" (பிரமாதம்!) என்றபோது உங்களுக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடியது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் தரையிலிருந்து இடுப்பளவுக்கு அத்தனையும் அப்பளமாகப் பொரிந்து நின்றது. விரல் பட்டால் உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று உப்பு. இப்போது சோபாவை இழுத்துப் போட்டு மறைத்திருக்கிறீர்கள். வருகிறவர்களை அந்தச் சுவருக்கு முதுகு காட்டி உட்கார வைக்கிறீர்கள்.

போதாததற்கு ஒரு வாக்கியம் வேறு: "நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது, பேசாமல் பழைய வெள்ளையே அடித்துவிடலாம்."

எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். போன சாயத்தின் நஷ்டம் சில ஆயிரம் ரூபாயோடு முடிந்தது. "நமக்குச் சரிப்பட்டு வராது" என்பதை வீட்டுக்குள் விட்டீர்களானால் அது ஹாலோடு நிற்காது. சமையலறைக்குப் போகும், மொட்டைமாடித் தோட்டத்துக்குப் போகும், தொடங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் சின்ன வியாபாரத்துக்குப் போகும், மகள் கேட்கிற புதுப் படிப்புக்கும் போய்க் குறுக்கே நிற்கும். எந்த ஓதமும் இத்தனை வேகமாக ஏறாது.

கோபம் ஒருபுறம் இருக்கட்டும். சுவரிடம் போவோம்.

நீங்கள் குடியிருப்பது கொல்கத்தாவில். ஹூக்ளி ஆற்றங்கரையில், வண்டலின் மேலும் களிமண்ணின் மேலும் உட்கார்ந்திருக்கிற ஊர். ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஜூன் பிறந்துவிட்டால் செப்டம்பர் முடிகிற வரை கொடியில் போட்ட துண்டுகூட ஒழுங்காகக் காயாது. லேக் மார்க்கெட், பவானிபூர் என்று நம் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் பக்கங்களில் பழைய வீடுகள் இன்னும் நிறையவே இருக்கின்றன. செங்கல்லும் சுண்ணாம்பும், செங்கல்லை இடித்துப் பொடித்த சுர்க்கியும் சேர்த்துக் கட்டிய கனத்த சுவர்கள்.

செங்கல் தண்ணீரைக் குடிக்கும். அஸ்திவாரத்து ஈரம் நுண்துளைகள் வழியே மேலே ஏறும். ஏறும்போது மண்ணிலும் செங்கல்லிலும் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். பரப்புக்கு வந்ததும் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடக்கூடியது. அதனால் அந்தச் சுவர் ஈரத்தை வெளியே விட்டபடி, அவ்வப்போது கொஞ்சம் பொடி உதிர்த்தபடி, உங்கள் தாத்தா காலம் முதல் தாக்குப் பிடித்தது. அதன்மேல் நீங்கள் புட்டியை இழுத்து, பிளாஸ்டிக் படலமாக இறுகும் அக்ரிலிக் எமல்ஷனையும் பூசினீர்கள். மூச்சு அடைத்துவிட்டது. உப்பு படலத்துக்கு உள்பக்கமே படிகமாக உறைந்தது. படிகம் வளர இடம் வேண்டுமல்லவா? சாயத்தைத் தள்ளியது. வங்காளிகள் "நோனா தொரேச்சே" என்று ஒரு பெருமூச்சு விடுவார்கள். உப்புப் பூத்துவிட்டது என்று நம் ஊர்க் கொத்தனார் சொல்வாரே, அதே வியாதிதான்.

இப்போது சோபாவை நகர்த்திவிட்டு அந்தச் சுவரின் மேல் பாதியைப் பாருங்கள். நன்றாகப் பாருங்கள்! ஒற்றிய தடம் ஒவ்வொன்றும் அப்படியே இருக்கிறது. நிறம் மங்கவில்லை. டேப் ஒட்டிய கோடு கத்தியால் வெட்டியது போல் நிற்கிறது. அது உங்கள் கைவேலை! அந்தக் கையையா "சரிப்பட்டு வராது" என்றீர்கள்? கீழ்ப் பாதியில் பொரிந்திருப்பது நீங்கள் சுவரிடம் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி. கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொள்ளலாம். கையை வெட்டிப் போட வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எப்போது அடித்தீர்கள்? துர்க்கா பூஜைக்கு முன்னால்தானே! கொல்கத்தாவில் சாயம் அடிக்கும் ரங் மிஸ்திரிக்கு மூச்சுவிட நேரமில்லாத காலம் அது. ஊரே மகாளயத்துக்குள் வீட்டைப் பளபளப்பாக்கத் துடிக்கும். நான்கு மாத மழையைக் குடித்துக் கனத்திருக்கும் சுவர் அந்த நேரத்தில் காய்ந்திருக்கவே இருக்காது. அதன் வாயைப் பொத்திச் சாயம் பூசுகிறோம். ஊரோடு ஒத்து வாழ வேண்டியதுதான்; அதற்காக ஊரோடு சேர்ந்து ஈரச் சுவரில் எமல்ஷன் அடிக்க வேண்டுமா?

அதே பூஜைக்காக அதே மழையில் வேலை செய்கிறவர்களைப் போய்ப் பாருங்கள். வட கொல்கத்தாவில் குமார்துலி. சந்து முழுக்க வைக்கோல் உடம்புகள். மூங்கிலும் வைக்கோலும் கட்டி, உமி கலந்த ஒட்டுக்களிமண்ணை முதல் பூச்சாகப் பூசுகிறார்கள். காயக் காய அது வெடிக்கும். தோளில், கழுத்தில், இடுப்பில் விரிசல் ஓடும். யாராவது தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்களா? கிழிந்த பழந்துணியை நீளநீளமாகக் கிழித்து, கரைத்த களிமண்ணில் தோய்த்து, விரிசலின் மேல் வைத்துக் கட்டைவிரலால் ஒரு இழுப்பு. அடுத்த விரிசலுக்குப் போய்விடுகிறார்கள். அதன் மேல் நைசான மண், அப்புறம் வெள்ளைச் சுண்ணமண், அப்புறம் நிறம். காயாத இடத்துக்குத் தீச்சுடர் காட்டுகிறார்கள். வெடிக்கும் என்பது தெரியும். வெடிப்புக்கான துணி முன்கூட்டியே மூலையில் கிழித்து வைக்கப்பட்டிருக்கிறது. 2021 டிசம்பரில் யுனெஸ்கோ கொல்கத்தாவின் துர்க்கா பூஜையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமையின் அடியில் எத்தனை ஒட்டுத்துணி இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்!

விரிசலுக்கு ஒட்டுத்துணி போதும். சில வேளைகளில் போட்ட திட்டத்தையே தூக்கிப் போட வேண்டிவரும். அதற்குத்தான் உண்மையான நெஞ்சுரம் வேண்டும். அப்படி ஒரு மனிதர் இந்த ஊரிலேயே வாழ்ந்தார். ஜாமினி ராய்.

1887இல் பாங்குரா மாவட்டத்தின் பேலியாதோர் கிராமத்தில் பிறந்தவர். பதின்வயதில் கொல்கத்தா அரசு ஓவியப் பள்ளிக்கு வந்தார். மேல்நாட்டு முறையில் எண்ணெய்ச் சாயம் தீட்டக் கற்றார், தேர்ந்தார். ஆளை உட்கார வைத்து உருவப்படம் எழுதிக் கொடுத்தால் காசு தர ஆள் இருந்தது. அவர் சாயம் பொரியவில்லை, உதிரவில்லை. துணியோடு நன்றாகவே ஒட்டியது. அந்த வேலையோடு ஒட்டாமல் போனது அவர் மனசு. முப்பது வயதைத் தாண்டிய குடும்பஸ்தர், கை தேர்ந்த தொழிலை, வருமானம் தருகிற தொழிலை, 1920களில் விட்டார். காளிகாட் கோயில் வாசலில் யாத்திரிகர்களுக்கு விற்ற பட்டுவா ஓவியர்களின் படங்களிடம் போனார். பாங்குராவின் மண்பொம்மையிடம், கிராமத்துச் சுவர்க் கோலத்திடம் போனார். பள்ளியில் படித்தவர் படிக்காதவர்களிடம் மாணவராகப் போய் நின்றார்!

எண்ணெய்ச் சாயத்தை ஒதுக்கிவிட்டு ஏழே நிறங்களை வைத்துக்கொண்டார். பாறைப் பொடி, ஆற்று வண்டல், அவுரி, சுண்ணக்கட்டி, விளக்குக் கரி என்று அக்கம்பக்கத்தில் கிடைப்பதிலிருந்து நிறம் எடுத்தார். ஒட்டுவதற்கு? புளியங்கொட்டைப் பசை. நம் தஞ்சாவூர்ப் படக்காரர் பலகையில் துணி ஒட்டுகிற அதே பசை. குமார்துலிக்காரர் பொம்மைக்குச் சாயம் பூசக் கலக்கிற அதே பசை. விலை உயர்ந்த குழாய்ச் சாயத்தில் கிடைக்காத தன் முகம் அந்தப் புளியங்கொட்டையில் கிடைத்தது அவருக்கு.

1931இல் தன் வீட்டையே கண்காட்சி ஆக்கினார். அறைகளைக் கிராமத்து வங்காள வீடுபோல அலங்கரித்துப் படங்களை வைத்தார். கலை வரலாற்றறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் தொடங்கி வைத்தார். வீட்டு அலங்காரத்தில் கை வைத்திருக்கும் நீங்கள் இதைக் கொஞ்சம் நிதானித்து யோசிக்க வேண்டும். வெள்ளைக்கார பாணி வரவேற்பறை வைத்திருப்பதுதான் கௌரவம் என்றிருந்த நகரத்தில், பாட்டி வீட்டுத் திண்ணையைக் கொண்டுவந்து நடுவீட்டில் வைத்தார்! ஏழு ஆண்டு கழித்து, 1938இல், கொல்கத்தாவின் பிரிட்டிஷ் இந்தியா ஸ்ட்ரீட்டிலேயே அவர் படங்கள் தொங்கின. 1955இல் லலித் கலா அகாதெமியின் முதல் உறுப்பாளர் கௌரவம் அவருக்குத்தான் கிடைத்தது. அவர் மறைந்தபின், 1976இல், அவர் படைப்புகளை நாட்டின் கலைச் செல்வம் என்று அரசு அறிவித்தது. நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. சராசரி வீட்டுச் சுவரிலும் தொங்க வேண்டும் என்று மலிவு விலைக்கு அவர் விற்ற படங்கள் அவை.

"அவர் மேதை, நான் சாதாரண ஆள்" என்கிறீர்களா? இந்தச் சாக்கு வரும் என்று எதிர்பார்த்தேன். மேதைகள் சுவரில் எப்படிச் சறுக்கினார்கள் என்று கேளுங்கள், சிரிப்பே வரும்.

1857 கோடைக்காலம், ஆக்ஸ்போர்டு. மாணவர் சங்கத்தின் புது விவாத மண்டபம். ரோசெட்டி என்ற ஓவியர் நண்பர்களைத் திரட்டிக்கொண்டு உள்சுவரில் ஆர்தர் மன்னன் கதையை வரையப் புறப்பட்டார். கட்டி முடித்த ஈரம் காயாத செங்கல் சுவர். காரைகூடப் பூசாமல் வெறும் வெள்ளையடித்துவிட்டு அதன்மேல் நேராகச் சாயம்! ஆறு மாதம் போவதற்குள் மங்கத் தொடங்கியது. செங்கல் சாயத்தைத் தின்றது. படித்தவர்கள், திறமைசாலிகள்; ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அந்தக் கூட்டத்தில் 23 வயது இளைஞன் ஒருவன், வில்லியம் மோரிஸ். படத்தின் முன்பக்கம் முழுக்கச் சூரியகாந்திப் பூவை நிரப்பித் தள்ளியவன். அந்தப் படம் சுவரிலிருந்து அழிந்துபோனால் தனக்கு நிம்மதி என்ற பொருளில் 1869இல் ஒரு கடிதமே எழுதினான்.

அதோடு தூரிகையைத் தூக்கிப் போட்டானா? ஆக்ஸ்போர்டுக்குப் பிறகு மூன்றே ஆண்டில் தனக்கென்று சிவப்பு வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டு மனைவி ஜேனோடும் நண்பர்களோடும் மறுபடி அலங்காரத்தில் இறங்கினான். இந்த முறை சுவரில் மட்டுமே நம்பிக்கை வைக்கவில்லை. அவுரி தோய்ந்த நீலக் கம்பளித் துணியை ஜேன் கடையில் கண்டுபிடித்து வாங்கி வந்தார். அதில் இருவருமாகப் பூத்தையல் போட்டுத் திரையாகத் தொங்கவிட்டார்கள். கூரைக் காரையில் குத்திக் குத்திக் கோலத்தின் தடத்தைப் பதித்தார்கள். நிறம் போனாலும் தடம் இருக்கும், மறுபடி தீட்டிக்கொள்ளலாம். சாயம் போகும் என்று தெரிந்தவனின் ஏற்பாடு! 1861இல் அதுவே ஒரு நிறுவனமாயிற்று. அந்த மனிதரின் சுவர்த்தாள் வடிவங்களை இன்றும் உலகம் வாங்குகிறது.

இனி நம் ஊருக்கு வாருங்கள். 1931ஆம் ஆண்டு, ஜாமினி ராய் வீட்டைத் திறந்து வைத்த அதே ஆண்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய இருட்டுப் பாதைக்குள் விளக்கோடு நுழைந்தார். சுவரில் இருந்தவை நாயக்கர் காலத்து ஓவியங்கள். ஓரிடத்தில் அந்தப் பூச்சு வெடித்து உதிர்ந்திருந்தது. உதிர்ந்த இடத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது ராஜராஜன் காலத்து ஓவியம்! தொள்ளாயிரம் ஆண்டுப் பழமையான சோழர் வண்ணம். மேல்பூச்சு அழகாக, கெட்டியாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை காலம் அது வெளியே வராமல் கிடந்திருக்கும்! உங்கள் ஹால் சுவருக்குள் சோழர் ஓவியம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் வீடு எதனால் ஆனது என்ற செய்தி அங்கே இருக்கிறது. அந்தப் பொரிப்பு இல்லாவிட்டால் அதை நீங்கள் படித்திருக்கவே மாட்டீர்கள்.

எழுந்திருங்கள். சோபாவைத் தள்ளுங்கள். சுரண்டியை எடுங்கள்.

பொரிந்ததை மட்டும் நோண்டிவிட்டு ஒட்டுப்போடுவது கோழைத்தனம். பொரிந்த கோட்டுக்கு மேலே இன்னும் ஒரு முழம் ஏறி, புட்டியோடு சேர்த்து, பழைய காரை தெரிகிற வரை எடுங்கள். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டித் துடைத்து, விழுந்த பொடியை வாரி வெளியே கொட்டுங்கள். பிறகு ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு அடைத்து ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பிரியுங்கள். சுவரைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் உள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் அறைக்குள் காற்றோட்டம் போதாது. தலைக்கு மேலே ஈரத் திட்டு தெரிந்தால் அது பூமியிலிருந்து வந்ததல்ல. மாடி வீட்டுக் குளியலறைக் குழாயை விசாரியுங்கள். (பௌதியிடம் பக்குவமாகப் பேசுங்கள். "தாருண்" சொன்ன வாய்.) வாடகை வீடானால் வீட்டுக்காரரிடமும் பேச வேண்டியிருக்கும், அந்தச் சாமர்த்தியத்தை நான் சொல்லித் தர முடியாது.

யாராவது வந்து சிமென்ட் பூசிவிடலாம், பி.வி.சி. பலகை அடித்து மறைத்துவிடலாம் என்பார்கள். கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். சிமென்ட் ஈரத்தை இன்னும் உயரே துரத்தும். பலகைக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும். மறைப்பதும் சரிசெய்வதும் ஒன்றல்ல என்று இத்தனை நாள் சோபாவே உங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறதே!

காய விடுங்கள். இதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமான வேலை. நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறோம். அதை இங்கேயும் பிடித்துக்கொள்ளுங்கள். கொல்கத்தாவில் அக்டோபரில் மழை விலகினால் ஜனவரி வரை வறண்ட குளிர். ஊர் பூஜைக்கு அடிக்கட்டும், நீங்கள் பொங்கலுக்கு அடியுங்கள்!

அப்போது நிதானமாக ஒரு கொத்தனாரைப் பிடித்து, சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்த காரையைச் சுரண்டிய உயரம் வரை பூசச் சொல்லுங்கள். அது இறுகியபின் நீங்களே மட்டையை எடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை, சுண்ணாம்பு சுட்டுவிடும். நீர்க்கக் கரைத்த சுண்ணாம்பில் மஞ்சள் காவி கலந்து மெலிதாக இழுத்தால், முதலில் ஒன்றுமே பிடிக்காதது போல் சுவர் அப்படியே தெரியும். பதறாதீர்கள்! காயக் காய உள்ளிருந்து நிறம் எழும்பி வரும். மறுநாள் இன்னொரு பூச்சு, அதற்கும் மறுநாள் இன்னொன்று. "பழைய வெள்ளையே அடித்துவிடலாம்" என்று சலித்துக்கொண்டீர்களே, கிட்டத்தட்ட அதே வேலைதான். தோற்றுப்போய் அடிப்பவன் சுவரைப் பார்க்காமல் அடிப்பான். நீங்கள் இப்போது அந்தச் சுவரின் செங்கல் வரை போய் வந்தவர்.

மேல் பாதியில் உங்கள் பொன்னிற வேலை இருக்கிறதல்லவா, அதைத் தொடாதீர்கள். இரண்டும் சந்திக்கிற இடத்தில் நான்கு விரல் அகலத்துக்குச் செங்காவிப் பட்டை ஒன்று போடுங்கள், நம் கோயில் மதில்களில் இருப்பது போல. அதன்மேல் வீட்டில் யாருக்குக் கை வருமோ அவர் வெள்ளையில் புள்ளிக்கோலமோ வங்காளக் கோலமான ஆல்பனாக் கொடியோ இழுக்கட்டும். எந்த உயரத்தில் பட்டை போடுவது என்று கைபேசியில் தேட வேண்டாம். உப்பு ஏறி நின்ற உயரத்துக்கு ஒரு முழம் மேலே. அளவை உங்கள் சுவரே போட்டுக் கொடுத்திருக்கிறது.

அதுவரை, காரை தெரிய நிற்கிற அந்தச் சுவருக்கு எதிரிலேயே விருந்தாளிக்கு நாற்காலி போடுங்கள். என்ன இது என்று கேட்டால், "காயப் போட்டிருக்கிறோம், தை மாதம் வாருங்கள்" என்று சொல்லிக் காபியை நீட்டுங்கள்.